மீன் மறந்துவிடும் என்றான்

லார்மர் குடாவில் கடல் ஏறும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். இன்று காலை ஏழரைக்கு ஏறினால் நாளை எட்டேகாலுக்கு, மறுநாள் ஒன்பதுக்கு. தெமெலினா அக்கா முப்பத்திரண்டு வருடம் அந்தக் கடலைப் பார்த்துத்தான் எழுந்தாள், குளித்தாள், அடுப்பு பற்றவைத்தாள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஒரே நேரத்தில் அவள் மதியச் சாப்பாடு சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. டார்வின் ஊரில் எங்கள் கிரேக்கத் தீவுக்காரர்கள், கலிம்னோஸ்காரர்கள், வீட்டில் கல்யாணமோ ஞானஸ்நானமோ எது நடந்தாலும் அவள் பாதியில் வந்து சேருவாள், அல்லது பாதியில் எழுந்து போவாள். பட்டுப் பாவாடைக்குக் கீழே கணுக்காலில் உப்பு வெளுத்திருக்கும்.

"மீனுக்கு நேரமாச்சு" என்பாள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பால்காரன் போகிறான் என்பது போலப் பழகிவிட்டது எல்லோருக்கும்.

நான் நொமிக்கி, அவள் ஊர்ப் பெண்தான். அவள் மீனுக்கு ரொட்டி போடுவதை ஆட்கள் வந்து பார்க்கும் அந்த இடத்தில் நுழைவுச் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்தேன். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்தரை, அதற்குக் கீழே கடலுக்குள் சரிந்து இறங்கும் சிமெண்டுச் சரிவு, அதற்கும் அப்பால் தண்ணீருக்குள் ஒரு மேடை. கடல் ஏற ஏற மீன்கள் அந்தச் சரிவின் மேல் ஏறி வந்துவிடும். மடவை நூறு நூறாக வரும். கை நீளத்துக்குப் பால்கெண்டை வரும். கெளிறு வரும், திருக்கை பாயை உதறியது போல வந்து காலடியில் படுக்கும். எல்லாம் கடலில் திரியும் மீன்தான், வேலியும் இல்லை, வலையும் இல்லை. வந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று ரொட்டித் துண்டை நீட்டுவார்கள், மீன் வந்து விரலோடு சேர்த்து உறிஞ்சும். வெளியூர்க்காரர்கள் கூச்சல் போட்டுச் சிரிப்பார்கள். அக்காவுக்கு மட்டும் அந்த வழுவழுப்பான வாய் கடைசிவரை பிடிக்கவில்லை. வேலை முடிந்ததும் எலுமிச்சை போட்டு விரல்களைத் தேய்த்துக் கழுவுவாள்.

பத்தொன்பது வயதில் கல்யாணப் பெண்ணாகக் கலிம்னோஸ் தீவிலிருந்து வந்து இறங்கியவள் அவள். பெரும்புயல் டார்வினைத் துடைத்துப் போட்டு ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. ஊரே திரும்பக் கட்டிக்கொண்டிருந்த சமயம். அவள் கணவன் ஸ்கேவோஸ் சிமெண்டு வேலைக்காரன், நல்ல கை. குடாவின் ஓரம் அவனுக்கு ஒரு வீடு. புயலுக்கு முன்பிருந்தே மாலையில் மீதி ரொட்டியைத் தண்ணீரில் எறியும் பழக்கம் அவனுக்கு உண்டு. அதில் பழகின மீன்கள் அவை. வேடிக்கை பார்க்க அண்டை அயலார் வந்தார்கள், பிறகு அவர்களுடைய விருந்தாளிகள் வந்தார்கள், பிறகு பேருந்தில் வந்தார்கள். ஸ்கேவோஸ் சரிவு கட்டினான், மேடை கட்டினான். ஆனால் பகலில் அவனும் அவன் தம்பி பந்தெலிஸும் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். மீனுக்கு யார் இருப்பது?

"உன் கையைத்தான் அதுங்க நம்புது" என்றான் ஸ்கேவோஸ் மனைவியிடம். "ஒரு வாரம் நீ போடலைன்னா மறந்துரும். வேற குடாவுக்குப் போயிரும். அப்புறம் கூப்பிட்டாலும் வராது."

அவள் நம்பினாள். அவளுடைய ஆங்கிலமே அங்கே ஒலிபெருக்கியில் பேசிக் கற்றதுதான். மீனின் பெயர், எப்படிக் கையை நீட்டுவது, எதைச் செய்யக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம். மருந்துக் கடையில் வரிசையில் யாராவது இடித்தால்கூட, "மெதுவா, பதறாம, கையைத் தாழ்வா வைங்க" என்றுதான் வாயில் வரும்.

எண்பத்து மூன்றாம் வருடம் அவளுடைய அப்பா இறந்துபோனார். கடற்பஞ்சு எடுக்க மூழ்குகிற வேலை பார்த்து, கால் விளங்காமல் பதினான்கு வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர். மகளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் அக்காவின் தங்கை கலோத்தினாவின் கையால் எழுதச் சொல்வாராம். செய்தி வந்த அன்று அக்கா பெட்டியைக் கட்டிலின் மேல் திறந்து வைத்துவிட்டாள். பத்து நாள் போதும் என்றாள். ஸ்கேவோஸ் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றானாம். "போ. நான் தடுக்கல. திரும்பி வரும்போது மீன் இருக்காது, அதை மட்டும் தெரிஞ்சுக்கோ. ஏழு வருஷ உழைப்பு" என்றானாம். அவள் பெட்டியை மூடி மேலே ஏற்றி வைத்துவிட்டு, அன்று மாலை நான்கு மணிக்கு ஏறிய கடலுக்குப் போய் ரொட்டி போட்டாள். கறுப்பு உடையில் மீனுக்கு ரொட்டி போட்டவளை அன்று வந்த கூட்டம் படம் எடுத்துக்கொண்டு போனது.

தொண்ணூற்று நாலில் ஸ்கேவோஸ் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இடத்தில் பாதி மனைவிக்கு, பாதி தம்பிக்கு என்று எழுதி வைத்திருந்தான். அக்கா மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, விற்றுவிடலாம் என்றாள். பந்தெலிஸ் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சீட்டு கொடுக்கும் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு அறையில் படுத்துக்கொண்டு, விடிவதற்கு முன் வண்டி எடுத்துப் போய் ஊரிலுள்ள பேக்கரிகளில் எல்லாம் மிஞ்சிய ரொட்டி வாங்கி வருவார். அந்தச் சண்டைக்குப் பிறகு இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பேச்சு என் வழியாகத்தான் போகும்.

"நொமிக்கி, ரொட்டி நமுத்துப் போயிருக்குன்னு சொல்லு."

"அக்கா, அவரு இங்கதான நிக்கறாரு."

"எங்க? எனக்கு யாரையும் தெரியலையே."

பந்தெலிஸ் என் பக்கம் திரும்புவார். "நொமிக்கி, நேத்து ராத்திரி மழை பெஞ்சுது, வண்டிக்கு மூடி இல்லைன்னு சொல்லு. மூடி வாங்கணும்னு நாலு மாசமா சொல்றேன்னும் சொல்லு."

"மழை பெய்யும்னு வானத்தைப் பார்த்தாத் தெரியாதான்னு கேளு அவர்கிட்ட."

இப்படிப் பதினோரு வருடம். இரண்டு கைநீளத் தூரத்தில் நின்றுகொண்டு. நடுவில் நான் தபால்பெட்டி மாதிரி.

அது நடந்தது அக்டோபரில். மழைக்கு முந்தைய அந்த மாதங்களில் டார்வினில் சட்டை போட்டதுமே முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பௌர்ணமி கழிந்த மறுநாள், பெரிய ஏற்றம். எட்டேகாலுக்கு உச்சம். ஏழரைக்கே முப்பது பேர் சரிவில் இறங்கி நின்றிருந்தார்கள். அக்கா வழக்கம் போலத் தூர மேடையில் இருந்தாள். சரிவின் கடைசியிலிருந்து மேடைக்குப் பன்னிரண்டு கஜம் இருக்கும். நடுவில் கல் பாவிய ஒரு பாதை, ஏற்றத்தின்போது இடுப்பளவு தண்ணீரில் மூழ்கிவிடும். மேடை மேல் ரொட்டி வைக்க ஒரு சிமெண்டு மேசை, அவ்வளவுதான். அவள் கழுத்துப்பட்டையில் சின்ன மைக். பேசினால் புல்தரைக் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் கேட்கும்.

பந்தெலிஸ் இரண்டாவது ரொட்டித் தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பாதையில் போய்க்கொண்டிருந்தார். பாதி தூரம் போயிருப்பார்.

அப்போது மீன்கள் போய்விட்டன. கலைந்து போகவில்லை, ஒரே அடியில் போய்விட்டன. நான் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், இந்த நிமிடம் தண்ணீர் கொதிப்பது போலிருந்தது, மறு நிமிடம் தட்டையாக, ஈரத் துணி விரித்தது போலிருந்தது. ரொட்டித் துண்டுகள் மட்டும் மிதந்தன. தின்ன யாரும் இல்லை.

ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் வந்தது. தினமும் பேசுகிற அதே குரல். "அன்பான விருந்தினர்களே, மீன்களுக்கு வயிறு நெறஞ்சிருச்சு. இன்னைக்கு இவ்வளவுதான். திரும்பிப் பார்க்காம, தண்ணியைக் கலக்காம, ஒவ்வொருத்தரா மேல ஏறுங்க. அம்மா, அந்தக் குழந்தையைத் தூக்கிக்குங்க. சிவப்புத் தொப்பி ஐயா, படம் அப்புறம் எடுத்துக்கலாம். உங்களைத்தான் சொல்றேன். ஏறுங்க."

எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்கள். சிவப்புத் தொப்பிக்காரர் கடைசியாகப் புல்லில் கால் வைத்ததும், அவள் குரல் மாறியது. எங்கள் கிரேக்க மொழியில், மெதுவாகச் சொன்னாள்.

"பந்தெலிஸ். கரைக்குத் திரும்பாதே. எங்கிட்ட வா. தொட்டியை விட்டுட்டு வா."

பதினோரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவர் திகைத்து நின்றுவிட்டார். பயத்தினால் அல்ல, அவள் கூப்பிட்டதால் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். பிறகு தொட்டியை விட்டுவிட்டு நடந்தார். அவள் அவர் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தாள். விட்ட தொட்டி சரிவை நோக்கி மிதந்து வந்தது. அதன் பக்கத்தில் தண்ணீர் இரண்டாகப் பிளந்து முதலையின் முதுகு எழும்பியது. நாலு மீட்டர் இருக்கும். தொட்டியை மூக்கால் ஒரு இடி இடித்தது, வாயைத் திறந்து பட்டென்று மூடியது. தொட்டி உடைந்த சத்தம் என் ஜன்னல் வரை கேட்டது. புல்தரையில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

நான் தொலைபேசியில் வனத்துறையைக் கூப்பிட்டேன். உடனே கிளம்புவதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய படகு துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், வேறொரு முதலைக்கூண்டைப் பார்க்கப் போயிருந்தது. சுற்றிவர ஒன்றரை மணி நேரமாவது ஆகும், இருவரையும் அசையாமல் உயரமான இடத்தில் இருக்கச் சொல்லுங்கள் என்றார்கள்.

உயரமான இடம் என்று இருந்தது அந்த மேசை ஒன்றுதான். கடல் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. மேடை மேல் ஒரு சாண் தண்ணீர் வந்தது. இருவரும் மேசையில் ஏறி, முதுகோடு முதுகு ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இருவர் உட்காரும் மேசை அல்ல அது. ஒருவர் நகர்ந்தால் மற்றவர் விழுவார். முதலை பாதைக்கு மேலே, மேடைக்கும் கரைக்கும் நடுவில் கட்டை மாதிரி கிடந்தது. சில சமயம் அமிழும். அமிழ்ந்துவிட்டால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதுதான் மோசம்.

கொஞ்ச நேரம் ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. மைக்கை அவள் அணைக்க மறந்திருந்தாள். நான் இங்கிருந்தே ஒலிபெருக்கியை நிறுத்தியிருக்கலாம். சுவிட்சு என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நிறுத்தவில்லை. அதற்கு நான் சொல்லும் சமாதானம், ஏதாவது ஆபத்தென்றால் கேட்க வேண்டுமே என்பது. அது முழு உண்மை அல்ல. புல்தரையில் நின்ற முப்பது பேருக்கும் கிரேக்கம் தெரியாது. எனக்குத் தெரியும்.

"காலை உள்ள இழுத்துக்கோ" என்றாள் அக்கா.

"இழுத்துட்டுதான் இருக்கேன் அண்ணி. உங்க முட்டிதான் இடிக்குது."

"என்னைத் தள்ளாதே."

"நான் தள்ளல. மேசை அவ்வளவுதான். அண்ணன் கட்டினது."

"ஆமா, எல்லாம் உங்க அண்ணன் கட்டினதுதான். நான் உக்காந்திருக்கிறதும் அவர் கட்டினது, நின்னதும் அவர் கட்டினது."

பந்தெலிஸ் சொன்னார், "பதினோரு வருஷம் ஆச்சு நீங்க என் பேரைச் சொல்லி."

"முதலை வந்தாத்தான் சொல்லணும்னு இருந்திருக்கு."

"அடிக்கடி வரட்டும்."

அக்கா சிரிக்கவில்லை. "கையெழுத்துப் போட்டிருந்தா இன்னைக்கு ரெண்டு பேரும் இங்க இல்ல. நீ ஏதாவது ஒரு மாடி வீட்டுல காலை நீட்டிப் படுத்திருப்பே. நான் எங்க ஊருல இருந்திருப்பேன். எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே நீ? பொண்டாட்டியா, புள்ளையா, என்ன இருக்கு உனக்கு இங்க?"

"அதான் அண்ணி. என்ன இருக்கு? நீங்களும் போயிட்டா நான் யார்கிட்ட பேசாம இருக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா, "அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றாள். "எங்கப்பா செத்ததுக்கே நான் போகல. இந்த வாயைப் பொளக்கற மீனுக்காகப் போகல. ஒரு வாரம் விட்டா மறந்துரும்னாரு. இருபத்தஞ்சு வருஷமா எனக்கு அது ஆறல. ஆனா பரவாயில்ல, நெசமான காரணத்துக்குத்தானே இருந்தோம்னு நெனச்சுக்குவேன்."

பந்தெலிஸ் எதுவும் பேசவில்லை. அவர் பேசாததில் ஏதோ இருந்திருக்க வேண்டும். முதுகோடு முதுகு ஒட்டியிருப்பவளுக்கு அது தெரிந்திருக்கும்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"பந்தெலிஸ், என்ன?"

"மறக்காது, அண்ணி."

"எது?"

"மீன். மறக்காது." அவர் குரல் உலர்ந்திருந்தது. "புயலுக்கு அப்புறம் ஊரையே காலி பண்ணி விமானத்துல ஏத்தி அனுப்பினாங்கல்ல. நாங்களும் போனோம், தெக்க. நாலு மாசம் கழிச்சுத்தான் திரும்பி வந்தோம். இங்க வீடும் இல்ல, மரமும் இல்ல, ஒரு மனுஷன் ரொட்டி போட்டிருக்க மாட்டான். அண்ணன் சும்மா பார்ப்போமேன்னு ஒரு ரொட்டியைப் பிச்சுப் போட்டாரு. அன்னைக்கே வந்திருச்சு. எல்லாம் வந்திருச்சு. நான் பக்கத்துல நின்னேன்."

ஒலிபெருக்கியில் தண்ணீர் மேசையை நக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப அவருக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

"தெரியும்."

"எங்கப்பா செத்தப்பவும் தெரியும்."

"தெரியும்."

"உனக்கும் தெரியும்."

"எனக்கும் தெரியும். அன்னைக்கு அண்ணன்கிட்ட கேட்டேன், ஏன் இப்படிச் சொன்னீங்கன்னு. போனா அவ திரும்ப மாட்டாடா, இங்க அவளைப் பிடிச்சு வைக்க என்கிட்ட வேற ஒண்ணும் இல்லன்னாரு. அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்."

"நீயும் வாயை மூடிக்கிட்டே."

"மூடிக்கிட்டேன்."

"அவர் செத்ததுக்கப்புறமும்."



ஒருவர் இப்படி ஒன்றைக் கேட்டால் எழுந்து போவார், கதவை அடிப்பார், தெருவில் இறங்கி நடப்பார். அவளால் கீழே காலை வைக்க முடியாது. அவர் முதுகின் சூடு அவள் முதுகில் இருந்தது. அதிலிருந்து ஒரு விரற்கடை விலகக்கூட இடம் இல்லை. வெயில் ஏறிவிட்டது. அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டதைப் பார்த்தேன். தோள் குலுங்கியது. அந்தக் குலுக்கம் அவரையும் சேர்த்துத்தான் ஆட்டியது. புல்தரையில் சிவப்புத் தொப்பிக்காரர் என் ஜன்னலுக்கு வந்து, "பாவம், ரொம்பப் பயந்துட்டாங்க போலிருக்கு" என்றார். ஆமாம் என்றேன்.

கையை எடுத்தபோதுதான் அவள், இடுப்பில் செருகியிருந்த மைக் பெட்டியில் மினுங்கிய விளக்கைப் பார்த்திருக்க வேண்டும். தலையைத் தூக்கி நேராக என் ஜன்னலைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்தில் கண் தெரியாது, ஆனாலும் நான் தலை குனிந்துகொண்டேன். ஒலிபெருக்கியில் ஒரு சொடுக்குச் சத்தம். பிறகு எதுவும் கேட்கவில்லை.

படகு வருவதற்குப் பத்து மணி ஆகிவிட்டது. அதற்குள் கடல் இறங்கத் தொடங்கியிருந்தது. முதலை எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. நான்கு ஆட்கள் படகை மேடையோடு ஒட்டி நிறுத்தினார்கள். கால் மரத்துப்போய் பந்தெலிஸால் எழுந்திருக்க முடியவில்லை, இருவர் அக்குளில் கைகொடுத்து இறக்கினார்கள். அக்கா தானே இறங்கினாள். கரைக்கு வந்ததும் என்னைக் கடந்து போனாள். "கேட்டியா?" என்றாள், நிற்காமல். "கேட்டேன் அக்கா" என்றேன். "நல்லது. ஒருத்தராவது கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

முதலையைப் பிடிக்கக் கூண்டு வைத்தார்கள், அகப்படவில்லை. பதினெட்டு நாள் யாரும் சரிவில் இறங்கக் கூடாது என்று மூடி வைத்தார்கள். அந்தப் பதினெட்டு நாளில் எட்டாவது நாள் தெமெலினா அக்கா கலிம்னோஸுக்கு விமானம் ஏறினாள். பந்தெலிஸிடம் சொல்லவில்லை. விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "திரும்பி வருவேனான்னு கேக்காதே. எனக்கே தெரியாது" என்றாள்.

அங்கே நடந்ததைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தங்கை கலோத்தினா துறைமுகத்தில் வந்து நின்றிருந்தாளாம். ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டார்களாம். மறுநாளே, அப்பாவின் கல்லறைக்குப் போக வேண்டும் என்றாள் அக்கா. கலோத்தினா தயங்கினாளாம்.

"கல்லறை இல்ல அக்கா. அந்த எடத்துல இப்ப வேற ஆள்."

எங்கள் தீவில் இடம் குறைவு. சில வருடம் கழித்து எலும்பைத் தோண்டி எடுத்து, ஒயினில் கழுவி, பெட்டியில் போட்டுக் கோயில் பக்கத்து அறையில் அடுக்கிவிடுவார்கள். அது அவளுக்கும் தெரிந்ததுதான். ஆனால் டார்வினில் உட்கார்ந்து நினைத்தபோதெல்லாம் அவள் நினைத்தது ஒரு கல்லறையை, அதன் மேல் ஒரு பெயரை. இப்போது கலோத்தினா ஒரு தகரப் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கி மடியில் வைத்தாள். ரொட்டிப் பெட்டி அளவுதான் இருந்ததாம். கனமே இல்லையாம்.

"எலும்பு எடுக்கற அன்னைக்கு உனக்குத் தந்தி அடிச்சேனே. அதுக்காவது வருவேன்னு பார்த்தேன்" என்றாளாம் கலோத்தினா.

அந்தத் தந்தி வந்ததும் அக்காவுக்கு ஞாபகம் இருந்தது. அன்று மூன்று பேருந்து ஆட்கள் வந்திருந்தார்கள்.

ஏழு வாரம் இருந்தாள். தங்கை வீட்டு மாடி அறையில். தங்கை பிள்ளைகள் மரியாதையாகப் பேசினார்கள். அவளுடைய கிரேக்கத்தைக் கேட்டுச் சின்னப் பெண்கள் சிரித்தார்கள், கிழவிகள் பேசுவது மாதிரி இருக்கிறதாம். அந்தக் கடல் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. காலையில் எந்தக் கல்லைத் தொட்டதோ மாலையிலும் அதே கல்லைத்தான் தொடும். அவளுக்கோ நடுச்சாமத்தில் விழிப்பு வந்துவிடும், எங்கேயோ போகத் தாமதமாகிவிட்டது போல நெஞ்சு அடித்துக்கொள்ளும். எழுந்து உட்கார்ந்துகொண்டு, எங்கும் போக வேண்டியதில்லை என்று தனக்கே சொல்லிக்கொள்வாளாம். எட்டாவது வாரம் திரும்பி வந்தாள்.

"ஏன் அக்கா வந்தே?" என்று கேட்டேன்.

"அங்க நான் விருந்தாளிடி. எத்தனை நாளைக்கு விருந்தாளியா இருக்கிறது? இங்க கைதி. கைதிக்காவது தட்டு எங்க இருக்குன்னு தெரியும்."

அதை அவள் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. முகம் அப்படியே இருந்தது.

அவள் இல்லாத நாட்களில் பந்தெலிஸ் மைக்கைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு நாளில் தொண்டை கட்டிவிட்டது. பிறகு நான் மைக்கில் பேசினேன். மீன்கள் வந்தன, ஒன்றும் குறையவில்லை. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வந்த வாரமே மேடைக்குப் போய் நின்றாள். ஒரே ஒரு மாற்றம், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வரமாட்டேன் என்றாள். பந்தெலிஸிடம் நேராகவே சொன்னாள். "திங்கள், புதன், சனி. மத்த நாளுக்கு வேற ஆளைப் பார்த்துக்கோ." "சரி அண்ணி" என்றார். அதன் பிறகு அவர்கள் பேசிக்கொண்டார்கள், நமுத்துப்போன ரொட்டியைப் பற்றி, வண்டி மூடியைப் பற்றி. வேறு எதையும் பேசி நான் கேட்கவில்லை.

மற்ற நாட்களில் என்ன செய்வது என்று தெரியாமல் முதலில் தவித்தாள். ஐம்பத்திரண்டாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மூன்று தடவை தேறவில்லை. நான்காம் தடவை, தேர்வாளர் பாவம் பார்த்துத் தேற விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினாள். ஒரு வியாழக்கிழமை காலை தெற்கே போகும் நெடுஞ்சாலையில் ஏறி, முந்நூறு கிலோமீட்டர் போய், கேத்தரின் ஊரில் ஒரு விடுதியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க எங்க பார்த்தாலும் செம்மண்ணுடி. கறையான் புத்து ஆள் உயரத்துக்கு நிக்குது. பகல்ல படுத்து மூணு மணி நேரம் தூங்கினேன்."

"எப்ப வருவே?"

"சனிக்கிழமை வேலை இருக்குல்ல" என்றாள். குரலில் சலிப்பு இருந்தது. சனிக்கிழமை வந்துவிட்டாள்.

இப்போது அவளுக்கு எழுபது நெருங்குகிறது. இன்னமும் வாரம் மூன்று நாள் தண்ணீரில் நிற்கிறாள். விற்கும் பேச்சைத் திரும்ப எடுக்கவே இல்லை. ஸ்கேவோஸை மன்னித்தாளா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தெரியாது. அவன் படம் கூடத்தில் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிறுதோறும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அவன் கல்லறைமேல் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் எண்ணெய் ஊற்றி விளக்கேற்றி வருவது அவள் வழக்கம், பதினான்கு வருடம் தவறாமல் செய்தாள். அந்த அக்டோபருக்குப் பிறகு ஒருநாளும் போகவில்லை. மூன்று வாரம் கூண்டு இருட்டாகக் கிடந்தது. நான்காவது வாரத்திலிருந்து பந்தெலிஸ் போய் ஏற்றுகிறார். விளக்குக்கு எண்ணெய் வேண்டுமென்று அவர் கேட்டால், அவள் அலமாரியிலிருந்து எடுத்து, மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.